மேகமும் மூடுபனியும் கோளாறு செய்தால்: பிளைட் சிமுலேட்டரை எந்த வழியில் சரிசெய்வது?

சென்னை மீனம்பாக்கத்தின் 07 ஓடுபாதையை நோக்கி மேற்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இணையத்திலிருந்து இறக்கிய ஒற்றை எஞ்சின் விமானம், உயரம் 1,200 அடி. பார்வைத் தூரம் 3,000 மீட்டர், புகைமூட்டம் என்கிறது மெட்டார், அதாவது விமான நிலையத்தின் வானிலை அறிக்கை. ஓடுபாதைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறது, அது கண்ணில் படவே கூடாது. திரையிலோ ஓடுபாதை தெரிகிறது, பரங்கிமலை தெரிகிறது, அதற்கும் அப்பால் கடல் தெரிகிறது. போதாததற்கு மேகங்கள் சுழலும் புரொப்பல்லருக்குப் பின்னால் போனதும் மறைந்துவிடுகின்றன, அந்த வட்டத்தைத் தாண்டியதும் திரும்ப முளைக்கின்றன.

இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், சிமுலேட்டரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஒன்றும் மாறவில்லை. மறுநாள் நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பார்வைத் தூரம் தவறியதற்குக் காரணம், முந்தைய வாரம் நான் கையால் கொடுத்த வானிலை இன்னும் நடப்பில் இருந்தது. இணையத்திலிருந்து வரவேண்டிய நேரடி வானிலை உள்ளே வரவே இல்லை. மேகம் மறைந்ததற்குக் காரணம் அந்த விமானத்தின் வடிவமைப்பில் புரொப்பல்லர் வட்டத்தை வரைந்திருந்த விதம். வேறு விமானத்துக்கு மாறியதும் மேகங்கள் ஒழுங்காக நின்றன.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். கெட்டது உள்ளே வரும் வானிலைத் தகவலா, அதைத் திரையில் படமாக்கும் வரைதலா என்று தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். தகவல் கோளாறுக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்களையும், வரைதல் கோளாறுக்கு வானிலை மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வீண் செலவு.

ஒப்பீட்டுக்கு பிளைட்கியரை நடுவில் வைத்துக்கொள்கிறேன். 1996இல் ஒரு முன்மொழிவாகத் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவசச் சிமுலேட்டர் அது. சாதாரண லேப்டாப் வைத்திருப்பவரும் இங்கே சொல்வதை இன்றைக்கே செய்து பார்க்கலாம். எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் பற்றியும் வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

நேரடி வானிலையை நிறுத்திவிட்டு, மேகமே இல்லாத தெளிவான வானத்தைக் கையால் கொடுங்கள். தொடுவானத்தில் கோடு, நிலத்துக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைப் பட்டை, கறுப்புச் சதுரங்கள் எல்லாம் அப்போதும் இருந்தால் அது வரைதல் கோளாறு. போய்விட்டால் அடுத்து ஒரே ஒரு மேக அடுக்கைச் சேருங்கள். அதுவும் சரியாக வந்தால் சந்தேகம் வானிலைத் தகவல் பக்கம் திரும்புகிறது.

அப்புறம் விமானத்தை மாற்றிப் பாருங்கள், வெளிப்பக்கக் காட்சிக்கும் போய்ப் பாருங்கள். கண்ணாடி, புரொப்பல்லர் வட்டம், மேகம் மூன்றுமே ஒளி ஊடுருவும் பொருள்கள். தூரத்தில் இருப்பதை முதலில், பக்கத்தில் இருப்பதைப் பிறகு என்ற வரிசையில் வரைந்தால்தான் ஒன்றின் வழியாக இன்னொன்று தெரியும். வரிசை பிசகினால் பின்னால் இருக்கும் மேகம் காணாமல் போகும். ஒரே ஒரு விமானத்தில் மட்டும் இப்படி நடந்தால் உங்கள் கணினியில் கைவைக்க வேண்டியதே இல்லை.

புதுத் தலைமுறைச் சிமுலேட்டரில் மேகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். நின்றதும் புள்ளிகள் அடங்கி மேகம் வழவழப்பானால் அது பல பிரேம்களை, அதாவது அடுத்தடுத்து வரையப்படும் படங்களைச் சேர்த்து ஒரு படத்தை உருவாக்கும் முறையின் விளைவு. அதற்கு மருந்து வேறு, பின்னால் வருகிறேன்.

மெட்டார் சொல்வதும் சொல்லாததும்

தகவல் கோளாறு என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் உண்மையில் கோளாறே இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பல ராத்திரிகள் மிச்சமாகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெட்டார் என்பது விமான நிலையத்தில் நின்று பார்த்து எழுதிய குறிப்பு. நம் நாட்டின் பெரிய விமான நிலையங்கள் அதை அரை மணிக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. அதில் பார்வைத் தூரம் 9999 என்று இருந்தால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று பொருள். எவ்வளவு மேல் என்று அது சொல்வதில்லை. 35,000 அடி உயரத்தில் காற்று தெளிவாக இருந்தால் தொடுவானம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 10 கிலோமீட்டருக்கும் 370 கிலோமீட்டருக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பது முழுக்கச் சிமுலேட்டரின் ஊகம். ஒரே மெட்டாரை வைத்து இரண்டு சிமுலேட்டர்கள் இரண்டு வேறு வானத்தைக் காட்டுவது இதனால்தான். உயரே ஏறியதும் சாம்பல் நிறச் சுவருக்குள் பறப்பது போலத் தோன்றினால், தரைமட்டத்துப் பார்வைத் தூரத்தை மேல்வானத்துக்கும் அப்படியே நீட்டிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மேகத்திலும் இதே கதைதான். வானத்தை எட்டுப் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, அடித்தளம் எத்தனை அடியில் என்று மெட்டார் சொல்லும். மேகத்தின் உச்சி எங்கே, தடிமன் எவ்வளவு என்று சொல்லாது. 2,000 அடியில் தொடங்கும் அடுக்கு 3,000 அடியில் முடிகிறதா, 9,000 அடியில் முடிகிறதா என்பதும் ஊகம்தான். குறிப்பிடத்தக்க மேகம் இல்லை என்ற குறியீடு வந்தால் வானத்தில் மேகமே இல்லை என்று பொருள் ஆகாது. பொதுவாக 5,000 அடிக்குக் கீழே மேகமும், இடிமேகமும் இல்லை என்று மட்டும்தான் பொருள். மேலே வெண்பஞ்சு போல உயர்மேகம் பரவியிருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் மேகம், திரையில் வெறும் நீலம் என்று குழம்புகிறவர்கள் முதலில் அந்த நேரத்து மெட்டாரை எடுத்துப் படியுங்கள்.

அடிப்படை வானிலையா, விரிவான வானிலையா?

பிளைட்கியரில் வானிலையை உருவாக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. என் கணக்கில் எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அடிப்படை முறை மெட்டாரை அப்படியே வாங்கி, சொன்ன உயரத்தில் சொன்ன அளவு மேகத்தைப் பரப்பும். வேகமானது, பழைய கணினியிலும் ஓடும். குறை என்னவென்றால் வானம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்கும்போது வழியில் ஒரு நிலையத்தின் அறிக்கையை விட்டு இன்னொன்றின் அறிக்கைக்கு மாறும் கணத்தில் மேக அடுக்கு சட்டென்று மாறும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் மறைந்து வேறொன்று தோன்றும். இதை டிரைவர் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

விரிவான முறை இயற்பியலாளர் தோர்ஸ்டென் ரெங்க் எழுதியது. இது வானத்தை 40 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வானிலையை அமைக்கிறது. வெயில் காய்ந்த நிலத்தின் மேல் குவிமேகம் எழும், நீர்ப்பரப்பின் மேல் குறையும். நிலையம் மாறும்போது வானம் குதிக்காமல் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மாறுகிறது. பார்வைத் தூரமும் உயரத்துக்கு ஏற்ப மாறும். கீழே மங்கல், மேலே தெளிவு. மூட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டி விமானம் வெளியே வரும் அந்தக் கணம் இந்த முறையில்தான் கண்ணுக்கு உண்மையாகத் தெரிகிறது. நான் முதன்முதலாக அதைப் பார்த்தபோது விமானத்தைத் திருப்பி, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தேன்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வளிமண்டல ஒளிச்சிதறல் என்ற வரைதல் முறையும் உடன் இயங்க வேண்டும், அதுவும் ரெங்க் உருவாக்கியதே. அது இல்லாமல் விரிவான வானிலையை மட்டும் இயக்கினால் மங்கல் அடுக்கு ஒழுங்காக வரையப்படாது. நிலத்தின் மூட்டம் ஒரு நிறம், வானம் ஒரு நிறம் என்று நிற்கும், நடுவில் தையல் போட்டது போல ஒரு கோடு தெரியும். தொடுவானத்தில் கோடு தெரிகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தை.

விலை என்ன? புதுச் சதுரம் உருவாகும்போது ஒரு சிறு திணறல், கூடுதல் நினைவகம், கொஞ்சம் பிரேம் இழப்பு. கணினி தாங்கினால் விரிவான முறையையே எடுங்கள். தாங்காவிட்டால் அடிப்படை முறையில் நேரடி வானிலையை நிறுத்திவிட்டுக் கையால் வானிலை கொடுத்துப் பறப்பது, குதிக்கும் வானத்தோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

செட்டிங்ஸை மாற்றிச் சரிசெய்வது

காசில்லாத வழி இது, ஆனால் கண்மூடித்தனமாகச் செய்தால் பொழுதைத் தின்றுவிடும்.

கணினியின் நினைவகம் எங்கே முடிகிறது என்று தெரிந்து கைவைக்க வேண்டும். பிளைட்கியர் உங்கள் பார்வைத் தூரத்துக்கு ஏற்ப நிலப்பரப்பை ஏற்றுகிறது. வானம் அழகாக இருக்கட்டும் என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஏற்ற வேண்டிய நிலமும் பெருகும். தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. 8 ஜிபி நினைவகமுள்ள கணினி ஒரு கட்டத்தில் மூச்சுத் திணறிச் சிமுலேட்டரே மூடிக்கொள்ளும். விசைப்பலகையில் இசட் எழுத்தைத் தட்டினால் பார்வைத் தூரம் குறையும், ஷிஃப்டோடு தட்டினால் கூடும். கை தவறித் தட்டிவிட்டு மூடுபனி இறங்கிவிட்டதாக நினைப்பது அடிக்கடி நடக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

மேகங்களின் தூரத்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. அது பார்வைத் தூரத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், நிலம் தொடுவானம் வரை போகும், மேகம் மட்டும் பாதியில் வட்டமாக வெட்டப்பட்டு நிற்கும். இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தால் அந்த வட்டம் மறைந்துவிடும். முப்பரிமாண மேகத்தை அணைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அணைத்ததும் பிரேம் எகிறினால் சுமை எங்கே என்று தெரிந்துவிட்டது.

இந்த வகை மேகத்தை நம் ஊர் கட்-அவுட்டோடு ஒப்பிடலாம். மெல்லிய பலகைகளில் ஒட்டிய மேகப்படம், நீங்கள் எங்கே போனாலும் உங்களைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். பல நூறு பலகைகளைச் சேர்த்து ஒரு குவியலாக்குகிறார்கள். தூரத்தில் பார்க்க அருமையாக இருக்கும். நெருங்கி வட்டமடித்தால் பலகைகள் திரும்புவது தெரியும், மலைமுகட்டை வெட்டும் இடத்தில் கூர்மையான ஓரம் தெரியும். இது முறையின் எல்லை, எந்த செட்டிங்கும் இதை முழுதாகத் தீர்க்காது. மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸிலும் எக்ஸ்-பிளேன் 11இலும் இதே எல்லைதான்.

எதை மாற்றினோம் என்றே மறந்துபோன நிலை வந்தால் நீங்கள் மாற்றிய செட்டிங்ஸைச் சேமித்துவைக்கும் பிளைட்கியரின் ஆட்டோசேவ் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறங்கள். எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். மறுநிறுவல் செய்தால் இந்தக் கோப்பு அழியாமல் அப்படியே இருந்துவிடும். மறுபடி நிறுவியும் பயனில்லை என்று பலர் சொல்வதன் ரகசியம் இதுதான்.

டிரைவரும் கார்டும்

கறுப்புச் சதுரம், மின்னி மின்னி மறையும் மேகம், விமானத்தை மாற்றினாலும் போகாத கீறல்கள் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால், சிமுலேட்டர் எதில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் டிஸ்பிளே பகுதிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பக்கத்தில், ஒவ்வொரு செயலிக்கும் எந்தக் கார்டு என்று தேர்ந்தெடுக்கலாம். நண்பரின் மடிக்கணினியில் இதை மாற்றியதும் மூன்று மாதமாக இருந்த கறுப்புச் சதுரங்கள் ஒரே நிமிடத்தில் போயின. அதற்குப் பிறகும் போகாவிட்டால் டிரைவரைப் புதுப்பிப்பது, புதுப்பித்த பிறகுதான் கோளாறு வந்தது என்றால் பழையதற்குத் திரும்புவது. அவ்வளவுதான், இதில் ஆராய ஒன்றுமில்லை.

புதிய சிமுலேட்டருக்கு மாறுவது

எக்ஸ்-பிளேன் 12 முழுமையாக வெளிவந்தது 2022 டிசம்பரில். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டிலும், அதன் அடுத்த பதிப்பு 2024 நவம்பரிலும் வந்தன. இவற்றில் பலகை மேகம் கிடையாது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை மேகத்துக்குள் அனுப்பி, படிப்படியாக எவ்வளவு ஒளி தங்குகிறது என்று கணக்கிடுகிறார்கள். மேகத்துக்குள் நுழைந்தால் நுழைந்தது போலவே இருக்கும், சாயங்கால வெளிச்சம் ஓரத்தில் கசியும்.

புதிய மேகத்துக்குப் புதிய கோளாறு. கதிர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் வேகம் கிடைக்கும், குறைத்தால் மேகம் கரடுமுரடாகப் புள்ளியடிக்கும். அதை மறைக்க முந்தைய பிரேம்களின் படத்தைக் கலக்கிறார்கள். கலப்பதால் புரொப்பல்லர், இறக்கை நுனி போன்ற வேகமாக நகரும் பொருள்களின் ஓரத்தில் மேகம் இழுபட்டது போலத் தெரியும். இங்கே மேகத்தின் தரத்தை ஒரு படி ஏற்றி, வேறு இடத்தில் குறைப்பதுதான் பலன் தரும். கட்டடங்களின் எண்ணிக்கை, நிழல் இவற்றில் குறையுங்கள். சிமுலேட்டர் உள்ளுக்குள் படத்தை வரையும் அளவை (ரெண்டர் ஸ்கேல்) 100 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால் முதலில் அடிபடுவது மேகம்தான், அதில் கைவைக்காதீர்கள்.

தகவல் விஷயத்தில் ஒரு வேறுபாடு முக்கியம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் தொடக்கத்தில் மீட்டியோபுளூ நிறுவனத்தின் வானிலை முன்கணிப்பை வைத்தே வானத்தை அமைத்தது. அதனால் மெட்டாருக்கும் திரைக்கும் ஒட்டாமல் போனது. பின்னாளில் மெட்டாரையும் கலக்கத் தொடங்கினார்கள். எக்ஸ்-பிளேன் 12 முன்கணிப்போடு மெட்டாரையும் சேர்த்துக்கொள்கிறது. முன்கணிப்பு இருப்பதால் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வானம் வெறுமையாக இருக்காது. அந்த வகையில் இவை பிளைட்கியரைவிட ஒரு படி மேல்.

செலவு? 2020 பதிப்புக்கு 150 ஜிபி இடம் கேட்டார்கள், நிலப்படம் ஓயாமல் இணையத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். 2024 பதிப்புக்கு 16 ஜிபி நினைவகம் குறைந்தபட்சம், 32 ஜிபி பரிந்துரை. மேகத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக இத்தனைக்கும் போகச் சொல்லமாட்டேன். எக்ஸ்-பிளேனுக்கு இலவச முன்னோட்டப் பதிப்பு இருக்கிறது. உங்கள் கணினியில் அதன் மேகம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எஃப்எஸ்எக்ஸை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2006இல் வந்த 32 பிட் மென்பொருள், 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொடமுடியாது. உயர்தர மேகப்படங்களை அடுக்கி அந்த எல்லையில் மோதுவதைவிட, எஃப்எஸ்யூஐபிசி போன்ற துணைக்கருவியால் பார்வைத் தூரம் திடீரென்று குதிப்பதை மட்டும் மெதுவாக்கிக்கொள்வது நல்ல வழி.

எதற்காகப் பறக்கிறீர்கள்?

ஊர் பார்க்க, வானம் பார்க்கப் பறப்பவர் என்றால், கணினியும் இணையமும் இடம் கொடுத்தால், புதிய சிமுலேட்டருக்கே போங்கள். பார்க்கிற சுகம் அங்கேதான்.

கருவிகளை நம்பி இறங்கும் பயிற்சி உங்கள் நோக்கம் என்றால் மேகத்தின் அழகைவிடப் பார்வைத் தூரம் சரியாக இருப்பது ஆயிரம் மடங்கு முக்கியம். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் வகைக் கருவி இறக்கத்துக்கு ஓடுபாதைப் பார்வைத் தூரம் குறைந்தது 550 மீட்டர் வேண்டும், இறங்குவதா, மறுபடி மேலே ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரம் 200 அடி. பிளைட்கியரின் வானிலைப் பட்டியலிலேயே இந்த வரம்புநிலை தயாராக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, 3 பாகைச் சரிவில் இறங்கி, 200 அடியில் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஓடுபாதையின் தொடக்கம் அப்போது சுமார் 870 மீட்டர் முன்னால் இருக்கும். பார்வைத் தூரமோ 550 மீட்டர். ஆகவே ஓடுபாதையின் தொடக்கம் தெரியக்கூடாது, அதற்கு முன்னால் 900 மீட்டர் நீளத்துக்குப் போடப்படும் வழிகாட்டி விளக்குகளில் ஒரு பகுதி மட்டும்தான் தெரிய வேண்டும். ஓடுபாதை முழுக்கத் தெரிந்தால் உங்கள் சிமுலேட்டர் உங்களை ஏமாற்றுகிறது. எதுவுமே தெரியாவிட்டால் மூட்டம் அளவுக்கு மீறி வரையப்படுகிறது. எந்தச் சிமுலேட்டரிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

நான் இப்போது பறப்பது பிளைட்கியரில்தான். ஒளிச்சிதறலோடு சேர்த்து விரிவான வானிலை, நடுத்தர அளவில் மேகம். பயிற்சி நாள்களில் மட்டும் நேரடி வானிலையை நிறுத்திவிட்டு மெட்டாரைக் கையால் எழுதிக் கொடுப்பேன். 2018 போகியன்று காலையில் பழைய பொருள்களை எரித்த புகையால் சென்னை விமான நிலையமே முடங்கியதே, அதுபோன்ற ஒரு காலையைத்தான் போன வாரம் அமைத்தேன். காற்று இல்லை, புகைமூட்டம், 600 மீட்டர். 07 ஓடுபாதைக்கு இறங்கி 200 அடியில் நிறுத்தினேன். சாம்பல் நிறத்துக்குள் வழிகாட்டி விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஓடுபாதை தெரியவில்லை. ஆட்டத்தைத் தொடர்ந்து இன்னும் ஏறக்குறைய ஐம்பது அடி இறங்கியதும், இருக்க வேண்டிய இடத்தில் அதன் தொடக்கத்துப் பச்சை விளக்குகள் வந்தன.